வந்தாறுமூலையில் உபவேந்தர் மாற்றம்: தெரிவு நிகழ்வது எவ்வாறு?

மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை ஏறாவூர்ச் சந்தையிலும் செங்கலடிச் சந்தியிலும் ஒரே பேச்சு அடிபடுவதுண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அடுத்த உபவேந்தர் யார்? பேச்சு நீள நீளக் கேள்விகளும் பெருகுகின்றன. அவர் எந்த ஊரவர், எந்தப் பீடத்தைச் சேர்ந்தவர், எந்த அமைச்சருக்கு வேண்டியவர், யாருடைய சிபாரிசு கொழும்பு வரை சென்றது? பெயர் அறிவிக்கப்பட்டதும் ஒரு சாரார் மாலையோடு செல்கின்றனர். மற்றொரு சாரார் மௌனமாகின்றனர். ஆயினும் அந்தப் பெயர் எந்த வழியால் வந்து சேர்ந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்டால் விடை சொல்லக்கூடியவர் அதனினும் சிலர்.

இதற்காக மக்களைக் குறைகூறுவதற்கில்லை. தெரிவு முறை சட்டப் புத்தகத்தின் பிரிவுகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றது. அதனை எடுத்துச் சொல்ல வேண்டிய பத்திரிகைகளும், நாம் உட்பட, பதவியேற்பு வைபவத்தின் புகைப்படத்தைப் பிரசுரிப்பதோடு கடமை முடிந்ததாகக் கருதி வந்துள்ளோம். ஆகவே இப்பத்தியில் அம்முறையைச் சற்று விரிவாக நோக்குவோம். அதனுடன் சேர்த்து, இந்த ஆசனத்தின் பொருட்டு இந்த மண் செலுத்திய விலையையும் நினைவுகூர வேண்டியுள்ளது. அதனை விடுத்து வந்தாறுமூலையில் உபவேந்தர் மாற்றத்தைப் பற்றி எழுத இயலாது.

முதலில் பதவியின் கனம். தமிழகத்தார் துணைவேந்தர் என்றும் நாம் பெரும்பாலும் உபவேந்தர் என்றும் வழங்கும் இவரே பல்கலைக்கழகத்தின் பிரதான நிறைவேற்று அதிகாரியும் பிரதான கல்வி அதிகாரியும் ஆவார். வேந்தர் பட்டமளிப்பு விழாவில் பட்டங்களை வழங்குபவர். அன்றாட நிருவாகத்தில் அவருக்கு இடமில்லை. உபவேந்தரோ நிருவாகத்தைக் கவனிக்கும் பேரவைக்கும் தலைவர், கல்வி விடயங்களைக் கவனிக்கும் மூதவைக்கும் தலைவர். நிதிக்குப் பொறுப்புக் கூற வேண்டியவரும் அவரே. விரிவுரையாளர் நியமனம் முதல் காவலாளி நியமனம் வரையும், கட்டட ஒப்பந்தம் முதல் மாணவர் விடுதி வரையும் அவருடைய மேசையைத் தாண்டிச் செல்லும் விடயம் அரிது. பிள்ளை ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் குடும்பம், அங்கே சிற்றூழியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் இளைஞன், மாணவிகளுக்கு அறை வாடகைக்குக் கொடுத்து வாழும் மூதாட்டி என்று சுற்றுப்புறக் கிராமங்களின் சீவியம் இம்மேசையுடன் பிணைந்துள்ளது.

மேசையின் பரப்பும் சிறியதன்று. மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில், விஞ்ஞானம், விவசாயம் ஆகிய இரு பீடங்களுடன் தொடங்கிற்று. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளுக்கென எழுப்பிய மத்திய கல்லூரிகளுள் ஒன்று தன் வளவையே ஓர் உயர்கல்வி நிறுவனத்துக்கு ஈந்தது என்பது தனியே எழுதத்தக்க கதை. 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி அது முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் வர்த்தக முகாமைத்துவமும் கலை கலாசாரமும் வந்தன. சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானமும் தொழினுட்பமும் சேர்ந்தன. கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகின்றது. நூறு கிலோமீற்றருக்கு அப்பால் திருகோணமலை வளாகம் உண்டு. இவை அனைத்துக்கும் ஒரே உபவேந்தர்.

இனித் தெரிவுக்கு வருவோம். இன்றைய நடைமுறைக்கு அடிப்படை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். அதன்படி உபவேந்தர் பதவி வெற்றிடமாகும்போது விண்ணப்பம் கோரப்படுகின்றது. விண்ணப்பதாரிகள் பல்கலைக்கழகப் பேரவையின் முன் தோன்றித் தமது திட்டங்களை எடுத்துரைக்கின்றனர். பேரவை அவர்களுள் மூவரைத் தெரிவு செய்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்புகின்றது. ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில், அம்மூவருள் ஒருவரை ஜனாதிபதி மூன்று ஆண்டு காலத்துக்கு நியமிக்கின்றார். பேரவையில் முதலிடம் பெற்றவரையே நியமிக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. மூன்றாம் இடத்தவர் நியமிக்கப்பட்டாலும் சட்டம் மீறப்பட்டதாகாது.

கேட்பதற்கு ஒழுங்கான படிமுறையாகவே தோன்றும். பேரவையில் அமர்ந்திருப்போர் யாவர் என்று பார்த்தால்தான் உள்விடயம் புலப்படும். பேரவையில் உபவேந்தர், வளாக முதல்வர், பீடாதிபதிகள், மூதவையின் பிரதிநிதிகள் ஆகியோர் உள்ளிருந்து வருவோர். இவர்களுடைய மொத்த எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி, அத்தனை பேரை வெளியிலிருந்து மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கின்றது. உள்ளார் பத்துப் பேர் எனின் வெளியார் பதினொருவர். அந்த ஒரு வாக்கு மேலதிகமாக வைக்கப்பட்டது தற்செயலானதன்று. மானியங்கள் ஆணைக்குழுவின் உறுப்பினர்களையோ ஜனாதிபதி நியமிக்கின்றார்.

வாசகர்கள் இப்போது சங்கிலியைத் தாமே கோத்துப் பார்க்கலாம். ஜனாதிபதி ஆணைக்குழுவை நியமிக்கின்றார். ஆணைக்குழு பேரவையின் பெரும்பான்மையை நியமிக்கின்றது. பேரவை மூவரின் பெயரை ஆணைக்குழுவுக்கு அனுப்புகின்றது. ஆணைக்குழு சிபாரிசு செய்ய, ஜனாதிபதி ஒருவரை நியமிக்கின்றார். தொடங்கிய இடத்திலேயே முடியும் வட்டம் இது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆணைக்குழு மாறுவதும், பேரவைகளின் வெளியுறுப்பினர்கள் மாறுவதும், அடுத்து உபவேந்தர் தெரிவில் காற்றுத் திசை மாறுவதும் நாம் பலமுறை கண்ட காட்சிகளே. ஓய்வுபெற்ற நீதிபதியும் அனுபவமுள்ள மருத்துவரும் அமர வேண்டிய கதிரையில் தேர்தலில் தோற்ற அபேட்சகர் அமர்ந்தால், அவர் யாருக்கு வாக்களிப்பார் என்று ஊகிக்கச் சோதிடம் தேவையில்லை.

எப்போதும் இப்படியே இருந்ததா? இல்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் அமைக்கப்பட்டபோது, பிரித்தானிய மரபைத் தழுவி, பல்கலைக்கழக மன்றம் என்ற பெரிய சபைக்குத் தலைமைத் தெரிவில் பங்கிருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய உயர்கல்விச் சபையை உருவாக்கி அரசின் கையை நீட்டிற்று. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் ஒரே பல்கலைக்கழகமாக்கப்பட்டு, அவை ஒவ்வொன்றும் வளாகம் என்ற நிலைக்கு இறக்கப்பட்டன. 1974இல் யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்ததும் வளாகமே. அதன் முதல் தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி பொறுப்பேற்றார். 1978ஆம் ஆண்டுச் சட்டம் வளாகங்களைத் திரும்பவும் தனிப் பல்கலைக்கழகங்களாக்கிற்று. அதே வேளை அவற்றுக்கு மேலே மானியங்கள் ஆணைக்குழுவையும் நிறுத்திற்று. இன்று அவ்வாணைக்குழுவின் கீழ் 17 பல்கலைக்கழகங்கள் உள்ளன. மானியம் வழங்குவதற்கென ஏற்பட்ட அமைப்பு தலைவர்களைத் தெரிவு செய்யும் அமைப்பாகவும் வளர்ந்தமைக்கு, அரசின் பணத்திலேயே இப்பல்கலைக்கழகங்கள் வாழ்கின்றன என்பது சொல்லப்படும் நியாயம். நியாயத்தில் பாதி உண்மை உண்டு. பணம் மக்களுடையது, அரசு அதனைக் கைமாற்றுகின்றது என்பது மறுபாதி.

வந்தாறுமூலையின் விடயத்தில் சட்டத்தின் கதை மட்டும் போதாது. 1990 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஏறாவூரில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் ஓரிரவில் கொல்லப்பட்டனர். மாதம் ஒன்று முடிவதற்குள், செப்ரெம்பர் 5ஆம் திகதி, பல்கலைக்கழக வளவில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழர்களுள் 158 பேர் இராணுவத்தினரால் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராமற் போயினர். இவ்விரு இடங்களுக்கும் இடையில் இருப்பது சில கிலோமீற்றர் தூரமே. அந்நாட்களில் அகதி முகாமைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர்கள். அவர்களுள் ஒருவரான கலாநிதி த. ஜெயசிங்கம் பல ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனத்தின் உபவேந்தரானார்.

இப்பல்கலைக்கழகத்தில் கற்ற முஸ்லிம் மாணவர்கள் யுத்தச் சூழலில் தொடர முடியாமற் போனதன் விளைவாகவே 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்தது. மறு ஆண்டு அது பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் ஒரு நல்ல நிறுவனம் உருவானதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஏறாவூரில் வீட்டு வாசலில் பல்கலைக்கழகம் இருக்க, அவ்வூர்ப் பிள்ளை நெடுந்தூரம் பயணிக்க வேண்டி வந்த ஒரு காலம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வந்தாறுமூலையில் உபவேந்தராக அமர்பவர் இரு சமூகங்களின் காயங்களுக்கு நடுவே அமர்கின்றார். பிற பல்கலைக்கழகங்களில் நிருவாகத் திறமை போதுமாயிருக்கலாம். இங்கே அது போதாது.

இப்போது 2006ஆம் ஆண்டுக்கு வருவோம். 2004 மார்ச்சில் விடுதலைப் புலிகள் இயக்கம் பிளவுற்ற பின் மட்டக்களப்பில் யார் யாரைச் சுடுகின்றனர் என்பதே விளங்காத காலம் ஏற்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இப்பல்கலைக்கழகத்தின் பொருளியல் விரிவுரையாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 செப்ரெம்பர் 30ஆம் திகதி கலை கலாசார பீடாதிபதி பாலசுகுமார் ஆயுதபாணிகளால் கடத்தப்பட்டார். கடத்தியவர்கள் பணம் கேட்கவில்லை. உபவேந்தர் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத் பதவி விலக வேண்டும், பீடாதிபதி விடுவிக்கப்படுவார் என்பதே அவர்களுடைய நிபந்தனை.

மூன்று பெயர்ப் பட்டியலும் ஆணைக்குழுவும் சிபாரிசும் எல்லாம் ஒரு துப்பாக்கிக்கு முன் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகின்றது. பேராசிரியர் ரவீந்திரநாத் தயங்கவில்லை. சக ஆசிரியரின் உயிரைப் பொருட்டாகக் கொண்டு இராஜினாமாக் கடிதத்தை மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினார். பீடாதிபதி சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். ஆணைக்குழுவோ கடிதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. கொழும்பிலிருந்தவாறே பணியைத் தொடருமாறு அவரைக் கேட்டுக்கொண்டது. மிரட்டலுக்குப் பணிவதில்லை என்ற கொள்கை அளவில் அம்முடிவு சரியானதாகத் தோன்றலாம். ஆனால் பதவியில் இருக்குமாறு கேட்டவர்கள், பதவியில் இருப்பவருக்கான பாதுகாப்பை உறுதி செய்தார்களா? 2006 டிசம்பர் 15ஆம் திகதி, இலங்கை விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கத்தின் வருடாந்த அமர்வில் பங்குபற்றிய பின், கொழும்பின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அவர் காணாமற் போனார். சோதனைச் சாவடிகள் நிறைந்த பௌத்தாலோக மாவத்தைப் பகுதியில், பட்டப்பகலில், பதவியிலிருக்கும் உபவேந்தர் ஒருவர் மறைந்தார்.

அவர் அதன் பின் வீடு திரும்பவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த நிலையில், 2025 ஏப்ரல் 8ஆம் திகதி, கிழக்கு மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் இக்கடத்தல் தொடர்பாகக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினரால் மட்டக்களப்பில் கைது செய்யப்பட்டார். கைது என்பது தீர்ப்பன்று. குற்றத்தை நிறுவ வேண்டிய இடம் நீதிமன்றம். ஆயினும் பதவியில் இருந்த உபவேந்தர் ஒருவருக்கு நேர்ந்ததைப் பற்றிக் கேட்க ஒரு நாட்டுக்குப் பதினெட்டு ஆண்டுகள் எடுத்தது ஏன் என்ற கேள்வி தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இத்தகைய நிகழ்வுகளின் பின் ஆசனம் நிலையாக இருந்திருக்க முடியாது. பதில் உபவேந்தர் என்ற சொல் வந்தாறுமூலையில் பழகிப்போன சொல்லாயிற்று. 2015இல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு, திறந்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் உபவேந்தர் பேராசிரியர் உமா குமாரசுவாமியிடம் தகுதிவாய்ந்த அதிகாரி என்ற வகையில் ஒப்படைக்கப்பட்டது. தகுதிவாய்ந்த அதிகாரி என்பது சட்டத்தில் நெருக்கடி வேளைகளுக்கென வைக்கப்பட்ட ஏற்பாடு. அதனை நாடும்போது பேரவையின் தெரிவுக்கு இடமில்லை. கொழும்பு நேரடியாக ஆளை அனுப்புகின்றது. ஆள் சிறந்தவராக அமைவதுண்டு. அதனால் வழி சிறந்ததாகி விடாது. யாழ்ப்பாணத்திலும் இதனைக் கண்டோம். 2019 மே மாதத் தொடக்கத்தில் உபவேந்தர் பேராசிரியர் இ. விக்னேஸ்வரன் பதவிக்காலம் முடிவதற்கு முன்னரே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவினால் நீக்கப்பட்டார். 2020 ஆகஸ்டில் பேராசிரியர் சி. சிறிசற்குணராஜா நியமிக்கப்படும் வரை, ஓராண்டுக்கும் மேலாக, பேராசிரியர் க. கந்தசாமி தகுதிவாய்ந்த அதிகாரியாகக் கடமையாற்றினார். அவசரத்துக்கென வைத்த ஏற்பாடு ஓராண்டைத் தாண்டினால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

பொறுப்பில் இருப்பவர் தற்காலிகமானவர் எனின் நிறுவனத்துக்கு என்ன கெட்டுவிடும் என்று கேட்போரும் உளர். தற்காலிகமாக இருப்பவர் நீண்டகாலத் திட்டம் எதிலும் கையொப்பமிடத் தயங்குவார். புதிய கற்கைநெறி தள்ளிப்போகும். விடுதிக் கட்டடம் அத்திவாரத்தோடு நிற்கும். தகராறுகள் அடுத்தவர் வரட்டும் என்று கோப்புக்குள் உறங்கும். நட்டப்படுபவர் அவ்வாண்டு அனுமதி பெற்ற மாணவரே.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தமிழகம் அருகில் உள்ளது. அங்கும் எண் மூன்றுதான். தேடற்குழு மூவரின் பெயரைத் தர, வேந்தராகிய ஆளுநர் ஒருவரை நியமிப்பது வழக்கம். அதிகாரம் ஆளுநருக்கா மாநில அரசுக்கா என்ற பிணக்கில் 2022இல் சட்டசபை மசோதாக்களை நிறைவேற்றிற்று. ஆளுநர் அங்கீகாரம் வழங்காது வைத்திருந்தார். வழக்கு இந்திய உயர் நீதிமன்றம் வரை சென்று 2025 ஏப்ரலில் மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ந்தது. மே மாதத்தில் சென்னை மேல் நீதிமன்றம் நியமன அதிகாரம் தொடர்பான திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்த இழுபறிக்கு நடுவே, 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிவுற்ற சென்னைப் பல்கலைக்கழகம், 1857இல் தோன்றிய அப்பெரும் நிறுவனம், நெடுங்காலம் தலைவரின்றிக் குழுவொன்றின் பொறுப்பில் நடந்தது. இரு நாடுகளிலும் சண்டை, நியமிப்பவர் யார் என்பதைப் பற்றியே. பல்கலைக்கழகம் தன் தலைவரைத் தானே தெரிவு செய்யலாமே என்ற பழைய யோசனையை எவரும் மேசையில் வைத்ததாகத் தெரியவில்லை.

2019இல் பேராசிரியர் எப்.சி. ராகலும் 2022இல் பேராசிரியர் வ. கனகசிங்கமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர்களாக முறைப்படி நியமிக்கப்பட்டதன் மூலம் மூன்றாண்டு ஒழுங்கு ஓரளவு மீண்டுள்ளது. நல்ல அறிகுறிதான். துப்பாக்கியின் காலம் கடந்துவிட்டது. சிபாரிசின் காலம் கடந்துவிட்டதா என்பதில் எமக்கு ஐயம் உண்டு.

சட்டம் முழுவதையும் மாற்றினாலன்றி எதுவும் நடவாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எதுவும் நடக்க வேண்டாம் என்று விரும்புபவர்களே. இருக்கும் சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு. பேரவைக்கு வெளியுறுப்பினர்களை நியமிக்கும்போது ஆணைக்குழு அவர்களுடைய பெயரையும் தகைமையையும் பகிரங்கப்படுத்தலாம். அவர்களுள் மட்டக்களப்பும் ஏறாவூரும் திருகோணமலையும் இடம்பெறுவதையும், கட்சி உறுப்புரிமை உடையோர் இடம்பெறாமையையும் உறுதி செய்யலாம். பேரவையின் தெரிவில் மூவரும் பெற்ற இடங்களை வெளியிடலாம். முதலிடத்தவர் தவிர்க்கப்படின் அதற்கான காரணத்தை எழுத்தில் தரலாம். பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பம் கோரினால் பதில் உபவேந்தருக்கு வேலையே இராது. இவற்றில் எதற்கும் பாராளுமன்றத்தைக் கூட்ட வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்கு ஆணைக்குழுவின் சுற்றறிக்கை ஒன்றே போதும்.

சந்தையில் கேள்வி கேட்பவர்களிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த தடவை உபவேந்தர் யாருடைய ஆள் என்று கேட்பதற்கு முன், பேரவையின் வெளியுறுப்பினர்கள் யாவர், அவர்களை நியமித்தவர் யார், அவர்கள் கடைசியாக எப்போது வந்தாறுமூலைக்கு வந்தார்கள் என்று கேட்கட்டும். தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதனை எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். ஏறாவூரில் தபாற்கந்தோர் உண்டு. பதில் தர வேண்டிய கடப்பாடு பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

பேரவைக்கும் ஒன்று. உபவேந்தரே பேரவையின் தலைவர் என்று மேலே குறிப்பிட்டோம். இராஜினாமாக் கடிதம் ஏற்கப்படாமையால், 2006 டிசம்பர் 15ஆம் திகதி பேராசிரியர் ரவீந்திரநாத் அப்பேரவையின் தலைவராகவே இருந்தார். அடுத்த உபவேந்தரைத் தெரிவு செய்யக் கூடும் பேரவை, அன்றைய நிகழ்ச்சி நிரலில் தன் தலைவருக்கு என்ன நேர்ந்தது என்ற விடயத்தையும் சேர்த்து, விசாரணை எந்நிலையில் உள்ளது என்று கேட்டுச் சட்டமா அதிபருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும்.